கைமா பன் சொல்லிக் கொடுத்த கணக்கு



பருப்பும் புளியும் மிளகாயும் மொத்தமாக விற்கிற ஒருவன் கைமா பன் செய்வதைப் பற்றி எழுதினால், "இவருக்கு ஏன் இந்த வேலை?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். பாக்கி வசூல் செய்யப் போன இடத்தில் நான் கற்றுக்கொண்ட பாடம் இது. நம்மிடம் சரக்கு எடுக்கிற தள்ளுவண்டிக்காரர்களுக்கும் சிறிய டிபன் கடைக்காரர்களுக்கும் கடன் கொடுக்கிற எல்லோருக்கும் இது பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

அரக்கோணம் ரயில் ஊர். 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியபோது இந்த வழியாகத்தான் ஓடியது. இன்றும் சென்னையிலிருந்து மும்பை போகிற ரயில்கள் இங்கிருந்து ரேணிகுண்டா பக்கமும், பெங்களூர் போகிற ரயில்கள் காட்பாடி பக்கமும் பிரிகின்றன. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் சென்னை வேலைக்குப் போனவர்கள் வந்து இறங்க ஆரம்பித்தால் ஸ்டேஷனைச் சுற்றிப் பசியோடு ஒரு கூட்டம் நிற்கும். அந்தக் கூட்டத்தை நம்பித்தான் ஓர் இளம் தம்பதி 2024-இல் தள்ளுவண்டி போட்டார்கள். சரக்கு கைமா பன். நடுவில் வெட்டிய பன்னுக்குள் குழம்போடு கூடிய கைமா, மேலே கோஸ், கேரட் சீவிப் போட்ட பச்சடி. மசாலா, எண்ணெய், சாஸ் எல்லாம் என் கடையில்தான் எடுத்தார்கள்.

முதல் ஆறு மாதம் வாராவாரம் பணம் வந்தது. பிறகு பாதி வந்தது. 2025 ஏப்ரலில் என் பேரேட்டில் அவர்கள் பெயரில் பதினோராயிரத்துச் சொச்சம் நின்றது. கேட்டால், "அடுத்த வாரம் முதலாளி" என்பதோடு சரி. ஒருநாள் மாலை கடையைப் பையனிடம் ஒப்படைத்துவிட்டு நானே வண்டிக்குப் போனேன்.

"தம்பி, வியாபாரம் இல்லையா, இல்லை மனசு இல்லையா?" என்று நேராகவே கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தப் பெண்தான் பேசினாள். "ஒரு நாளைக்கு 120 பன் போச்சுங்க ஐயா. இப்போ 30 போனா பெரிசு. ஒரு கொழந்தைக்கு வாந்தி பேதி ஆச்சாம். நம்ம கடை பன்னாலன்னு யாரோ சொல்லிட்டாங்க. எதனால ஆச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

எதனால் என்று எனக்கும் தெரியாது. ஆனால் பேச்சு ஊருக்குள் போய்விட்டால் அதைத் திரும்பப் பிடிக்க முடியாது என்பது நாற்பது வருஷம் கல்லாவில் உட்கார்ந்தவனுக்குத் தெரியும். பணம் கேட்கப் போனவன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன்.

இந்தப் பண்டம் எங்கிருந்து வந்தது?

கொத்துக்கறியை நம் ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர்ப் பக்கத்தில் கைமா என்று சொல்வது வழக்கம். நம் பகுதி முஸ்லிம் வீடுகளில் கைமாவை உருண்டையாக, வடையாக, தொடுகறியாகச் செய்வார்கள். பன்னோடு சேர்த்துத் தின்பது மும்பை இரானி ஓட்டல்களின் கீமா பாவ் வழியாகப் பரவிய பழக்கம். பாவ் என்ற ரொட்டி போர்த்துக்கீசியர் கொடுத்தது. அங்கே தட்டில் வெங்காயமும் எலுமிச்சைத் துண்டும் உடன் வரும். சிங்கப்பூர், மலேசியாவில் கொத்துக்கறியும் முட்டையும் வெங்காயமும் சேர்த்து நீள ரொட்டியில் சுட்டுத் தருவதற்கு ரொட்டி ஜான் என்று பெயர்.

அமெரிக்காவில் இதையே தக்காளிச் சாறு தளதளவென்று இருக்கும்படி செய்து "ஸ்லாப்பி ஜோ" என்கிறார்கள். அயோவா மாநிலத்துச் சூ சிட்டி நகரில் 1930-களில் தோன்றியது என்று சொல்வார்கள். கடித்தால் சிந்தும். நமக்கு இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1969-இல் ஹன்ட்ஸ் என்ற கம்பெனி இதற்கான சாஸை "மேன்விச்" என்ற பெயரில் டின்னில் அடைத்து மளிகைக் கடைகளுக்கு அனுப்பியது. கறியை வதக்கி, டின்னை உடைத்து ஊற்றினால் வேலை முடிந்தது. ஓட்டல் பண்டம் ஒன்று மளிகைக்கடை அலமாரி வழியாக வீடுகளுக்குள் போனதற்கு இது நல்ல உதாரணம்.

கூடவே வைக்கிற கோஸ் பச்சடியை அவர்கள் "கோல்ஸ்லா" என்பார்கள். டச்சு மொழியில் கூல் என்றால் கோஸ், ஸ்லா என்றால் சாலட். நம் ஆம்பூர் பிரியாணியோடு வெங்காயத் தயிர்ப் பச்சடி எதற்கு வருகிறதோ, அதே காரணத்துக்குத்தான் இதுவும் வருகிறது. கொழுப்பும் காரமுமாக இருக்கிற கறிக்குப் பக்கத்தில் பச்சையாக, புளிப்பாக, நறுக்கென்று ஒன்று இருந்தால்தான் இரண்டாவது பன் கேட்கத் தோன்றும்.

உட்கார்ந்து பார்த்ததில் கண்ட குறைகள்

முதலாவது, கைமா தண்ணீராக இருந்தது. பன்னில் வைத்த இரண்டாவது நிமிஷம் அடிப்பாகம் ஊறிப் பிய்ந்து கையில் வந்தது. இரண்டாவது, மத்தியானமே சீவி வைத்த கோஸ் ஏழு மணிக்கெல்லாம் நீர் விட்டு வாடை அடித்தது. மூன்றாவதுதான் பெரிய குறை. பச்சை முட்டையும் எண்ணெயும் மிக்சியில் அடித்து வீட்டிலேயே மயோனைஸ் செய்து, அதை அந்தக் கோஸில் பிசைந்து, ஏப்ரல் வெயிலில் திறந்த பாத்திரத்தில் வைத்திருந்தார்கள்.

பச்சை முட்டை மயோனைஸைக் கேரளம் 2023 ஜனவரியிலும், தெலங்கானா 2024 அக்டோபர் கடைசியிலும் தடை செய்தன. தமிழக அரசு 2025 ஏப்ரல் 8-ஆம் தேதி முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. தயாரிப்பது, இருப்பு வைப்பது, விற்பது எல்லாமே அந்த உத்தரவில் அடங்கும். பச்சை முட்டையில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இருக்கலாம், வேகாமல் போவதால் அவை சாவதில்லை என்பதே காரணம். இந்தச் செய்தி பேப்பரில் வந்து பல நாள் ஆகியும் அந்தத் தம்பதிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும், அவர்களுக்கு எண்ணெய் போட்டுக் கொடுத்தபோது நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் எண்ணெய் எதற்குப் போகிறது என்று நான் கேட்டதே கிடையாது.

அதோடு என் பங்கு முடியவில்லை. லாபம் அதிகம் என்று ஒரு மட்டமான சிவப்பு சாஸ் கேனை அவர்களிடம் தள்ளியதும் நான்தான். கைமா தண்ணீராக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். லேபிளைப் படித்தால் தண்ணீரும் சர்க்கரையும் முதலில், தக்காளி எங்கேயோ கீழே. பாக்கி ஏன் நின்றது என்று கேட்கப் போனவனுக்குப் பாதிப் பதில் தன் கடை அலமாரியிலேயே இருந்தது.

கைமா செய்யும் முறை

மறுநாள் அவர்கள் வீட்டு அடுப்படியில், என் மனைவியும் அந்தப் பெண்ணும் சேர்ந்து செய்து பார்த்து முடிவு செய்த அளவு இது. 20 பன்னுக்குப் போதும்.

கைமா 1 கிலோ, வெங்காயம் 400 கிராம், தக்காளி 500 கிராம், இஞ்சி பூண்டு விழுது 50 கிராம், மிளகாய்த்தூள் 15 கிராம், மல்லித்தூள் 20 கிராம், மஞ்சள்தூள் அரை டீஸ்பூன், மிளகும் சீரகமும் சேர்த்துப் பொடித்தது 10 கிராம், பட்டை கிராம்பு கொஞ்சம், எண்ணெய் 75 மில்லி, தரமான தக்காளி சாஸ் 100 கிராம், பொட்டுக்கடலை மாவு 30 கிராம், உப்பு தேவைக்கு.

அகலமான பாத்திரம் வேண்டும். குறுகிய குண்டானில் கைமாவைக் குவித்தால் அது தன் தண்ணீரிலேயே வெந்து கட்டிபிடிக்கும். எண்ணெய் காய்ந்ததும் பட்டை, கிராம்பு போட்டு, கைமாவைப் பரப்பி, பெரிய தீயில் கரண்டியால் உடைத்துக்கொண்டே நீர் சுண்டும் வரை வதக்க வேண்டும். கறியின் நிறம் மாறி எண்ணெய் பிரிந்த பிறகே வெங்காயம், அதன்பின் இஞ்சி பூண்டு, தூள் வகைகள், உப்பு, தக்காளி. மூடி போட்டுச் சிறு தீயில் அரை மணி நேரம். கடைசியில் சாஸ் ஊற்றி, பொட்டுக்கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து விட்டு ஐந்து நிமிஷம் கொதிக்க விடவேண்டும். கோலா உருண்டைக்குப் பிடிமானம் தருகிற அதே பொட்டுக்கடலைதான் இங்கே குழம்பைக் கறியோடு ஒட்டவைக்கிறது. பதம் பார்ப்பது சுலபம். கரண்டியால் பாத்திரத்தின் அடியில் ஒரு கோடு இழுத்தால் அடிப்பாகம் கண்ணுக்குத் தெரிந்து, பிறகு மெதுவாகக் குழம்பு வந்து மூட வேண்டும். உடனே மூடினால் தண்ணீர் அதிகம். மூடாமலே நின்றால் வறண்டுவிட்டது.

பன் அன்றைக்குச் சுட்டதாக, இனிப்புக் குறைந்ததாக இருக்கட்டும். முழுக்க வெட்டாமல் ஒரு பக்கம் ஒட்டியபடி விட்டு, உள்பக்கத்தைக் கல்லில் வெண்ணெய் தடவிப் பொன்னிறமாகச் சுட வேண்டும். சுட்ட முகம் குழம்பைச் சீக்கிரம் உறிஞ்சாது. ஒரு பன்னுக்கு 75 கிராம் கைமா, அதற்கு மேல் வைத்தால் சிந்தும்.

கோஸ் பச்சடி

கோஸ் 750 கிராம், கேரட் 250 கிராம். கோஸின் மேல் இலைகளைக் களைந்து, நல்ல தண்ணீரில் கழுவி, மெல்லிசாகச் சீவி, இரண்டு டீஸ்பூன் உப்புத் தூவிப் பிசறிக் கால் மணி நேரம் வைத்தால் நீர் விடும். அதைக் கையுறை போட்ட கையால் நன்றாகப் பிழிந்து எடுத்துவிட வேண்டும். பலர் செய்யாமல் விடுவது இந்த ஒரு வேலையைத்தான். நீர் முன்னாலேயே போய்விட்டால் பன்னுக்குள் போய் விடுவதற்கு ஒன்றும் இருக்காது. அதன் பிறகு மெல்லிய வெங்காயம், பொடியாக அரிந்த பச்சை மிளகாய், மல்லித்தழை, மிளகுத்தூள், ஒரு சிட்டிகை சர்க்கரை. எலுமிச்சம்பழச் சாற்றை மட்டும் விற்கும் நேரத்தில் சேர்க்க வேண்டும். ஒரு பன்னுக்கு 35 கிராம் சரியாக இருக்கும்.

மயோனைஸ் வேண்டவே வேண்டாம் என்று விட்டோம். முட்டையில்லாத பாக்கெட் மயோனைஸ் அந்தத் தடையில் வரவில்லை. ஆனாலும் திறந்த பாக்கெட்டை வெயிலில் வைத்தால் அதுவும் கெடும். எலுமிச்சை போட்ட பச்சடியே நம் நாக்குக்குப் பிடித்தும் இருக்கிறது.

கெடாமல் காப்பது

முழுக் கறியில் கிருமி பெரும்பாலும் மேல்பரப்பில் இருக்கும். அரைத்த கறியில் அது உள்ளே எல்லா இடத்திலும் கலந்துவிடும். ஆகவே கைமாவை வாங்கிய அன்றே, உள்ளே சிவப்பு தெரியாதபடி வேகவைத்துவிட வேண்டும். வெந்த கைமா 60 டிகிரிக்கு மேல் சூடாகவோ, 5 டிகிரிக்குக் கீழே குளிராகவோ இருக்க வேண்டும். இடைப்பட்ட வெதுவெதுப்பில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வண்டியில் சிறு தீ எரிந்துகொண்டே இருக்கட்டும். பச்சடியை மூடிபோட்ட எவர்சில்வர் டப்பாவில் வைத்து, டப்பாவை ஐஸ் பெட்டிக்குள் வைக்க வேண்டும். ஐஸ் பச்சடியைத் தொடக்கூடாது. கறி அரிந்த கத்தியும் பலகையும் கோஸ் பக்கமே வரக் கூடாது. மீந்த பச்சடி அன்றிரவே குப்பைக்குத்தான்.

நம் கடையில் நாம் பார்க்க வேண்டியவை

தோல் தொழில் நடக்கிற நம் பகுதிக்கென்று ஓர் எச்சரிக்கை உண்டு. தோல் பதனிடும் இடங்களுக்கு ஃபார்மிக் அமிலம் போன்றவை பிளாஸ்டிக் கேன்களில் வருகின்றன. காலியான கேன்கள் பழைய சாமான் கடைகளுக்கு வந்து, சிலர் அவற்றில் எண்ணெயும் சாஸும் வினிகரும் ஊற்றி வைக்கிறார்கள். எத்தனை முறை கழுவினாலும் அது உணவுக்கான கேன் ஆகாது. லூஸாகக் கேனில் வரும் வினிகரை நான் நிறுத்திவிட்டேன். வினிகரில் அசிட்டிக் அமிலம் குறைந்தது 3.75 சதவீதம் இருக்க வேண்டும். அமிலத்தைக் கலந்து செய்த செயற்கை வினிகர் என்றால் லேபிளில் அப்படியே அச்சிட்டிருக்க வேண்டும். இரண்டும் இல்லாத சரக்கு நமக்கு வேண்டாம்.

அடுத்தது நிறப்பொடி. பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி சாயம் இருந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழகத்தில் அது தடை செய்யப்பட்டது நினைவிருக்கும். அதே ஆண்டு ஜூன் மாதம் கர்நாடகத்தில் கபாப் வகைகளில் செயற்கை நிறம் சேர்ப்பதைத் தடுத்தார்கள். கைமாவுக்குச் சிவப்பு வேண்டுமென்று யாராவது கலர்ப்பொடி கேட்டால், காஷ்மீரி மிளகாய்த்தூளை எடுத்துக் கொடுங்கள். பத்து ரூபாய்க் கலர்ப்பொடியில் நமக்கு என்ன மிஞ்சும்? மாட்டினால் வாங்கினவனும் விற்றவனும் சேர்ந்துதான் நிற்க வேண்டும்.

2025 செப்டம்பர் 22 முதல் சாஸ், கெச்சப் வகைகளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அந்த வித்தியாசத்தில் நான் மட்ட சாஸைக் கைவிட்டுத் தரமானதை முன்னால் அடுக்கினேன்.

கறி தின்னாத நாளுக்கு என்ன செய்வது?

புரட்டாசி வந்தால் கைமா வண்டி படுத்துவிடும் என்று அந்தத் தம்பிக்குப் பயம். மீல் மேக்கரைச் சொல்லிக் கொடுத்தோம். கொதிநீரில் பத்து நிமிஷம் ஊறவைத்து, இரண்டு முறை பிழிந்து, மிக்சியில் ஒரே ஒரு சுற்று சுற்றினால் கைமா பதத்துக்கு வந்துவிடும். மற்றதெல்லாம் அதே மசாலா, அதே பச்சடி. அடுப்பும் பாத்திரமும் கரண்டியும் மட்டும் தனியாக வைக்கச் சொன்னேன். சைவக்காரரிடம் கறிக் கரண்டியைக் காட்டினால் அவர் மறுபடி வரமாட்டார். அந்த ஒரு மாதத்தில் என் கடையில் மீல் மேக்கர் மூட்டை வழக்கத்தைவிடச் சீக்கிரம் காலியானது.

ஒரு வண்டியின் மதிப்பு

நாளொன்றுக்கு 100 பன், மாதம் 25 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன அளவின்படி ஒரே வண்டிக்கு மாதம் சாஸ் பன்னிரண்டரை கிலோ, எண்ணெய் சுமார் ஒன்பதரை லிட்டர், மல்லித்தூள் இரண்டரை கிலோ, மிளகாய்த்தூள் ஏறக்குறைய 2 கிலோ, பொட்டுக்கடலை மாவு முக்கால் கிலோ குறைய நாலரை கிலோ. இதைத் தவிர வெண்ணெய், மிளகு, சீரகம், பேப்பர் தட்டு, கையுறை. ஒரு நடுத்தரக் குடும்பம் மாதத்துக்கு வாங்குகிற மசாலாவைப் போலப் பல மடங்கு இது. அந்த வண்டி நின்றால் பாக்கி போவது ஒரு பக்கம், வருஷக்கணக்கில் வரவேண்டிய இந்த வியாபாரமும் போகும். மட்ட சாஸ் கேனில் எனக்குக் கூடுதலாகக் கிடைத்த லாபத்தை இதோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது.

இப்போது அந்த வண்டியில் நாளைக்கு 80 பன் போகிறது. பழைய 120 திரும்ப வரவில்லை. 80 முடிந்ததும் கடையைக் கட்டிவிடுகிறார்கள், மீதம் வைப்பதில்லை. கூட்டம் போன வேகத்தில் திரும்பாது, ஒவ்வொருவராகத்தான் திரும்பும். பாக்கி 2025 தீபாவளிக்கு முந்தின வாரம் தீர்ந்தது. கடைசி ஐந்நூறு ரூபாயைக் கொடுக்க வந்தபோது அந்தப் பெண் வாழை இலையில் மடித்து இரண்டு பன்னும் கொண்டுவந்தாள். "ருசி பாருங்க ஐயா, சாஸ் கரெக்டா இருக்கா?" என்று கேட்டாள். சரியாக இருந்தது.

கொடுக்கல் வாங்கலில் நாம் பேரேட்டைப் பார்க்கிறோம், நம் சரக்கு போய்ச் சேருகிற அடுப்பைப் பார்ப்பதில்லை. உங்கள் கடன் கணக்கில் இருக்கிற சிறு கடைக்காரர்கள் பத்துப் பேரை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருவர் கடைக்காவது போய்க் காசு கொடுத்து வாங்கித் தின்று பாருங்கள். சரக்கில் குறையா, செய்முறையில் குறையா என்று அப்போது தெரிந்துவிடும். சரக்கில் குறை என்றால் அதைத் திருத்த வேண்டியவர் நாம்தான்.